கட்டணத்தைக் கேட்டவர் வட்டியைக் கேட்கவில்லை

அமெரிக்காவில் கடை நடத்தும் என் சகோதரியின் மகன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, ஓய்வுகாலக் காசைப் போட்டு நோட் வாங்க நினைக்கிறேன். கட்டணம் குறைந்த கணக்கை எப்படித் தேடுவது?" என்றார்.

நோட் என்பது வீட்டு ஈட்டுக் கடன் பத்திரம். கடன் கொடுத்தவரிடம் அதைக் கழிவு விலைக்கு வாங்கினால், கடனாளி கட்டும் தவணை நமக்கு வரும். அங்கே 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஐ.ஆர்.ஏ. எனும் ஓய்வுகாலக் கணக்கில், முதலீட்டை உரிமையாளரே தெரிவு செய்யும் வகை ஒன்றுண்டு. அதில் வீடு, காணி, நோட் எல்லாம் வாங்கலாம்.

கணக்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் நிறுவனங்களில் சில கணக்கின் பெறுமதியைப் பார்த்தும், சில உள்ளேயுள்ள சொத்துக்களை எண்ணியும் கட்டணம் அறவிடுகின்றன. ஒரே கட்டடம் வாங்குபவருக்கு எண்ணும் முறை இலாபம். பத்துச் சிறு நோட் வாங்குபவருக்கோ, ஒன்றுக்கு வருடம் 100 டொலர் என்று வைத்தாலும் 1,000 டொலர் போய்விடும். வாங்கும்போதும் விற்கும்போதும் தனிக் கட்டணம் வேறு. விலைப்பட்டியலைக் கடைசி வரி வரை வாசிக்கச் சொன்னேன். அந்த நிறுவனம் பத்திரம் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதில்லை என்பதையும் சொன்னேன். அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு 2011இலேயே இதுபற்றி எச்சரித்திருக்கிறது.

பிறகுதான் கேட்டேன்: "மகன், அந்தத் தவணையில் வட்டி எவ்வளவு?"

மறுமுனையில் பேச்சில்லை.

கணக்கு வெறும் பாத்திரம்தான், அதில் குற்றமில்லை. ஆனால் நோட்டின் வருமானம் வட்டி. கடனை அதன் தொகைக்குக் குறைத்து விற்று வாங்குவதையும் பெரும்பாலான உலமாக்கள் ஏற்பதில்லை. அதே கணக்கில் கட்டடம் வாங்கி வாடகை எடுக்கலாமே! கடன்பட்டு வாங்கினால் அந்த வருமானத்தில் கடனுக்குரிய பங்குக்கு வரி வரும்; ரொக்கமாக வாங்குபவருக்கு அந்தத் தொல்லையும் இல்லை. வாடகை கணக்குக்கே சேர வேண்டும், திருத்த வேலைச் செலவும் கணக்கிலிருந்தே போக வேண்டும். ஆகவே கையிருப்பு முழுவதையும் கட்டடத்தில் முடக்கக் கூடாது.

இப்போது சிறு கடைக் கட்டடமொன்று பார்க்கிறார். "என் கடையையே அங்கு மாற்றலாமா, மாமா?" என்று நேற்றுக் கேட்டார். கூடாது. தானோ மனைவியோ பெற்றோரோ பிள்ளைகளோ அதைப் பாவித்தால் கணக்கு முழுவதும் வரிச்சலுகையை இழந்துவிடும். வேறு வாடகைக்காரர் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.