ஆற்றங்கரையில் எதை விட்டு வருகிறோம்?

ஆடிப்பெருக்கு என்றால் நம் பெண்களுக்குத் தனி உற்சாகம்தான். சித்ரான்னம் கட்டிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு காவிரிக்குப் போகிறோம். மஞ்சள் கயிறு கட்டி, காதோலை கருகமணி விட்டு, சாப்பிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். மறுநாள் அந்தப் படித்துறையை நான் பார்த்திருக்கிறேன். மனசு சங்கடப்படுகிறது!

பூவும் இலையும் மக்கிவிடும். பாலிதீன் பையும் உடைந்த பாட்டிலும் மக்குமா? தண்ணீருக்கடியில் கண்ணாடிச் சில்லு கண்ணுக்கே தெரியாது. மீன் பிடிக்கிறவர்கள் அறுத்துப் போட்ட தூண்டில் முள்ளும் நைலான் நரம்பும் மணலில் புதைந்து கிடக்கும். வெறுங்காலோடு ஓடுகிற குழந்தைதானே முதலில் மிதிக்கும்?

காலில் கிழித்துவிட்டால் காப்பிப்பொடி, மஞ்சள்பொடி அப்பாதீர்கள். நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஆழமாகக் குத்தி நிற்கும் கண்ணாடியைப் பிடுங்க வேண்டாம். தூண்டில் முள்ளையும் இழுக்காதீர்கள். அதன் எதிர்க்கொக்கி சதையைக் கிழித்துவிடும். உடனே டாக்டரிடம் போங்கள். டெட்டனஸ் கிருமி துருவில் பிறப்பதல்ல, மண்ணில் இருப்பது. அதனால் கண்ணாடி கிழித்தாலும் தடுப்பூசி வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களில் 14 வகைக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. சட்டம் மட்டும் போதுமா? நாமும் மனசு வைக்கணும். சோற்றுக்குத் தூக்குச்சட்டி, சாப்பிட எவர்சில்வர் தட்டு, கூடவே காலியாக ஒரு மஞ்சப்பை. எங்கள் வீட்டில் இப்படித்தான் கிளம்புகிறோம். நம்ம குப்பை நம்மோடேயே வீட்டுக்கு வந்துவிடும். கண்ணாடி உடைந்தால் பழைய பேப்பரில் கனமாகச் சுற்றி எடுத்து வாருங்கள். நாம் எழுந்து வந்த இடத்தில்தான் நாளைக்கு இன்னொருத்தி தன் குழந்தையை இறக்கி விடப்போகிறாள்.