ஒரு துண்டுப் பாணும் ஆகாதவர்கள்

எதையும் அளவோடு உண்ண வேண்டும் என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதற் புத்திமதி. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது முன்னோர் வாக்கு. ஆனால், அளவு என்ற பேச்சுக்கே இடமில்லாத ஒரு நோயும் உலகில் உண்டு. அதனை உடையோர்க்குக் கோதுமையாற் செய்த பண்டம் எதுவும், எவ்வளவு சிறிதாயினும், ஆகாது. சீலியாக் நோய் என்பது அதன் பெயர். நோயினால் வரும் துன்பம் ஒரு பங்கு. சுற்றியிருப்போர் அதனை விளங்கிக்கொள்ளாமையால் வரும் துன்பம் மற்றொரு பங்கு. தாய்மாரும் மாணவரும் இதனை அறிந்திருத்தல் நலம் எனக் கருதியே இவ்விடயத்தை எடுத்துக்கொண்டோம்.

கோதுமை, பார்லி, றை என்னும் தானியங்களில் குளூற்றன் எனப்படும் புரதம் உண்டு. கோதுமை மாவைப் பிசையும்போது அது இழுபட்டு வருவது இதனாலேயே. நம்முட் பெரும்பாலோர்க்கு இது தீங்கற்றது. சீலியாக் நோயுடையாரின் உடலோ இதனைப் பகையாகக் கருதிப் போராடுகின்றது. அப்போராட்டத்தில் அடிபடுவது அவர்களுடைய சொந்தச் சிறுகுடலே. உணவின் சத்தை உறிஞ்சிக் குருதியிற் சேர்க்கும் சடைமுளைகளைப் பற்றி மாணவர் படித்திருப்பர். அவை தேய்ந்து தட்டையாகிவிட்டால், எவ்வளவு உண்டாலும் உடலிற் சாராது. வயிற்றோட்டம், வயிற்றுப் பொருமல், இரத்தசோகை, ஓயாத களைப்பு, எலும்பு நலிவு, பிள்ளைகளின் வளர்ச்சி குன்றுதல் ஆகியன இதன் விளைவுகள். சிலரிடத்தில் வெளிக்குறி எதுவுமே தோன்றாது.

1888 ஆம் ஆண்டில் சாமுவேல் ஜீ என்ற இலண்டன் வைத்தியர் இந்நோயை விவரித்து, இதற்குப் பரிகாரம் உண்டெனில் அது உணவிலேயே இருக்க வேண்டும் என்று கூறினார். ஆனால், எந்த உணவு தீங்கு செய்கின்றது என்பதை அவர் கண்டாரில்லை. அதைக் கண்டவர் ஒல்லாந்து தேசத்துக் குழந்தை வைத்தியரான வில்லெம் கரெல் டிக்கே. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே கோதுமையின்மேல் அவருக்கு ஐயம் பிறந்திருந்தது. 1944 ஆம் ஆண்டின் இறுதியில் ஒல்லாந்தைக் கொடும் பஞ்சம் பற்றியது. பாண் அரிதாயிற்று, மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்கையும் அவித்து உண்டனர். ஊரெல்லாம் மெலிந்த அக்காலத்தில் சீலியாக் நோயுற்ற பிள்ளைகள் தேறினார்கள். பாண் மீண்டும் கிடைத்தபோது அவர்கள் மீண்டும் நலிந்தார்கள். 1950 இல் டிக்கே தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். அன்று தொட்டு இன்று வரை இந்நோய்க்குரிய சிகிச்சை ஒன்றே: ஆயுள் முழுவதும் குளூற்றன் இல்லாத உணவு.

மாத்திரை விழுங்கும் நோயாளியை உலகம் நம்புகின்றது. உணவே மருந்தாக வாழ்பவரை நம்புவதில்லை. காரியாலயத்தில் ஒருவருடைய பிறந்தநாள். கேக் துண்டு கைக்குக் கை வருகின்றது. “வேண்டாம்” என்றால், “இவ்வளவு சின்னத் துண்டு என்ன செய்யும்?” என்கின்றனர். மெலிவதற்காகக் கோதுமையை விலக்குவது சில நாடுகளில் நாகரிகமாகிவிட்டமையால், இவரையும் அக்கூட்டத்திற் சேர்த்து நகைப்போர் உளர். உண்ட மறுகணமே அவர் மயங்கி விழுந்தால் நம்புவார்கள். ஆனால் குடலிற் படும் பழுது கண்ணுக்குத் தெரிவதில்லை. மறுநாள் அவர் வேலைக்கு வராதபோது, சோம்பல் என்று முணுமுணுப்பர்.

சின்னத் துண்டு என்ன செய்யும் என்பதற்கு விடையுண்டு. ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ 2 கிராம் குளூற்றன் இருக்கும். அதில் நாற்பதில் ஒரு பங்கான 50 மில்லிகிராம் நாள்தோறும் மூன்று மாதம் உட்சென்றாலே குடல் பழுதுறத் தொடங்கும் என்பதை இத்தாலிய ஆராய்ச்சியாளர் 2007 இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. பாண் வெட்டிய கத்தியால் வேறு உணவை வெட்டக் கூடாது என்று நோயாளி சொல்வது வீண் பிடிவாதமன்று.

சில நாடுகளில் சட்டமே இவர்களுக்குத் துணைநிற்கின்றது. இத்தாலியில் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாடசாலை, வைத்தியசாலை முதலிய பொது உணவுச்சாலைகளில் கேட்போர்க்குக் குளூற்றன் இல்லாத உணவு அளிக்க வேண்டும். அமெரிக்காவில் லெஸ்லி பல்கலைக்கழகம் விடுதி மாணவரிடம் உணவுக்குக் கட்டாயமாகப் பணம் பெற்றது. சீலியாக் நோயுடைய மாணவரோ அங்கு அச்சமின்றி உண்ண இயலவில்லை. நீதித் திணைக்களம் தலையிட்டது. 2012 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அம்மாணவர்க்குத் தகுந்த உணவு தனியே ஆயத்தஞ் செய்யப்படலாயிற்று.

நாம் சோறு உண்பவர்கள், நமக்கேன் இக்கவலை என்று கேட்கலாம். கோதுமை உண்ணும் வட இந்தியாவிலும் பார்க்க, அரிசி உண்ணும் தென்னிந்தியாவில் இந்நோய் மிகக் குறைவு என்பது உண்மையே. ஆயினும் நம் வீடுகளில் காலையும் மாலையும் பாண் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கோதுமையே உணவாக வளர்கின்றனர். ஒருவருக்கு இந்நோய் இருப்பின், அவருடைய பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தாரிடமும் இருத்தல் கூடும். அவர்களும் பரிசோதித்தல் நன்று. பரிசோதனைக்கு முன்னர் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் இரத்தப் பரிசோதனையிலும் குடற் பரிசோதனையிலும் நோய் மறைந்து போகலாம்.

நம் சமையலறை இவர்களுக்குப் பெரிதும் உதவக்கூடியது. சோறு, உழுந்து, பயறு, குரக்கன், மரவள்ளி, ஒடியல் மா ஆகிய எவற்றிலும் குளூற்றன் இல்லை. இடர் வருவது கலப்பினால். இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அவித்த கோதுமை மாவைச் சேர்ப்பது நம் வழக்கம். குரக்கன் றொட்டி பிசையும்போதும் அதனைக் கலப்பதுண்டு. கடையில் வாங்கும் பெருங்காயம் பலவற்றிலும் சோயா சோஸிலும் கோதுமை உண்டு. ஒரே ஆலையில் கோதுமைக்குப் பின் குரக்கனை அரைத்தாலும் கலப்பு நேரும்.

விருந்தினர் கை நனைக்காமற் போனால் நாம் மனம் நோகின்றோம். “எங்கள் வீட்டில் ஒரு வாய் உண்ணக் கூடாதா?” என்று வற்புறுத்துவதை அன்பென்று எண்ணுகின்றோம். சீலியாக் நோயுடைய விருந்தினரை அவ்வாறு இக்கட்டில் வைத்தல் அன்பாகாது. சமைக்கு முன் அவரிடம் கேளுங்கள். கலந்த பொருள்களை ஒளியாமற் சொல்லுங்கள். ஐயம் இருப்பின், கழுவிய புதுப் பானையில் வெறுஞ்சோறும் பருப்பும் ஆக்கிப் படையுங்கள். அவர் தம் உணவைத் தாமே கொண்டு வந்தால் முகங்கோணாது, அவர் அருகில் அமர்ந்து நீங்களும் உண்ணுங்கள்.