முதலில் மாப்பிள்ளையின் குருதியைப் பரிசோதிப்போம்

ஹாலிஎலயிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும் ஒரு பிள்ளைக்குத் தலசீமியா என்று தெரியவந்தால், அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை பதுளை வைத்தியசாலையோடு பிணைக்கப்பட்டுவிடும். மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலியையும் கடை வியாபாரத்தையும் விட வேண்டும். தலசீமியாப் பிரிவில் பிள்ளையின் கையில் ஊசி ஏற்றி, குருதிப் பை காலியாகும் வரை பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு வருடத்தோடு முடியும் காரியமல்ல இது. வாழ்நாள் முழுவதும் தொடர்வது.

இதைவிட வேதனையான ஒன்றும் உண்டு. வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்கு வரும் தாயிடம், "எங்கட குடும்பத்துல இப்படியொரு நோய் இல்லையே, உங்கட பக்கத்துல யாருக்கு இருந்தது?" என்று கேட்கும் உறவுகள் எமது சமூகத்தில் இன்றும் இருக்கின்றன. அந்தக் கேள்வி எவ்வளவு தவறானது என்பதை விளங்கிக்கொள்ள, பரம்பரை இயல்புகள் எப்படிக் கடத்தப்படுகின்றன என்பதைக் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

ஒட்டகமும் பரம்பரையும்

புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஒரு சம்பவம் பலருக்கும் தெரிந்திருக்கும். நாட்டுப்புறத்து அரபி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தன் மனைவி கறுப்பு நிறத்தில் ஒரு குழந்தையைப் பெற்றிருப்பதாகச் சந்தேகத்தோடு முறையிட்டார். நபியவர்கள் அவரிடம் ஒட்டகங்கள் இருக்கின்றனவா, அவை என்ன நிறம் என்று விசாரித்தார்கள். சிவப்பு என்றார் அவர். அவற்றில் சாம்பல் நிறத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டபோது, உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்கப்பட்டது. பரம்பரையின் ஏதோவொரு வேர் அதை இழுத்திருக்கலாம் என்று அவரே சொன்னார். உமது மகனையும் அவ்வாறே ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்று நபியவர்கள் விளக்கி, மனைவி மீதான சந்தேகத்தை நீக்கினார்கள்.

பெற்றோரிடம் வெளியே தெரியாத ஓர் இயல்பு பிள்ளையிடம் தோன்றலாம், அதற்காகத் தாயைக் குற்றவாளியாக்கக் கூடாது என்ற பாடம் இதில் இருக்கிறது. மறைந்திருக்கும் இயல்பு எப்படி வெளிப்படுகிறது என்பதை இன்றைய விஞ்ஞானம் விரிவாக விளக்குகிறது.

எல்லாம் சோடி சோடியாக

எமது உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் பொதுவாக 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. குரோமோசோம் என்பதும் இதைத்தான். அவை 23 சோடிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று உம்மாவிடமிருந்தும் மற்றது வாப்பாவிடமிருந்தும் வந்தவை. இந்த நிறமூர்த்தங்களில் சுமார் 20,000 பரம்பரையலகுகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. இந்தியத் தமிழில் இவற்றை மரபணு என்பார்கள். உடலுக்குத் தேவையான புரதங்களை எப்படிச் செய்வது என்ற குறிப்பு ஒவ்வொரு பரம்பரையலகிலும் எழுதப்பட்டுள்ளது.

எமக்கு அநேகமாக எல்லாக் குறிப்பும் இரண்டு பிரதிகளாகக் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது சரியாக இருந்தால் பல வேளைகளில் உடல் சமாளித்துக்கொள்ளும். அந்தப் பிழை வெளியே தெரியாமல் தலைமுறை தலைமுறையாகக் கடந்து போகும். இரண்டு பிரதிகளிலும் பிழை சேரும்போதுதான் நோய் வெளிப்படும்.

தலசீமியா அப்படிப்பட்டது. குருதிக்குச் சிவப்பு நிறத்தைக் கொடுப்பதும், நுரையீரலிலிருந்து ஒட்சிசனைச் சுமந்து செல்வதும் ஈமோகுளோபின். அதன் ஒரு பகுதியான பீட்டா சங்கிலியைச் செய்யும் பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அதன் ஒரு பிரதியில் மட்டும் பிழை உள்ளவர் "காவி" எனப்படுவார். அவர் நோயாளி அல்லர். ஓடியாடி வேலை செய்வார், நோன்பு நோற்பார், நூறு வயது வரை வாழவும் கூடும். ஈமோகுளோபின் சற்றுக் குறைவாக இருக்கலாம், அவ்வளவுதான். பலர் தாம் காவி என்பதை அறியாமலேயே மௌத்தாகிவிடுகிறார்கள்.

இரண்டு காவிகள் திருமணம் செய்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளை நோயாளியாகப் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. தாய் தந்தையரைப் போலக் காவியாகப் பிறக்க நான்கில் இரண்டு வாய்ப்பு. பிழை எதுவுமில்லாமல் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகள் நல்லபடி பிறக்கும்" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. இரண்டு காசுகளைச் சுண்டும்போது இரண்டும் பூவாக விழ எவ்வளவு வாய்ப்போ, அதே வாய்ப்பு ஒவ்வொரு முறையும் புதிதாக வருகிறது. முன்பு விழுந்ததைக் காசு நினைவில் வைத்திருப்பதில்லை.

ஆகவே, பீட்டா தலசீமியா மேஜர் உள்ள பிள்ளைக்கு அந்தப் பிழை பொதுவாக இரு பக்கத்திலிருந்தும் வந்திருக்கும். "உங்கட பக்கமா, எங்கட பக்கமா?" என்ற கேள்விக்கு விடை, "இரு பக்கமும்" என்பதே. தாயின் மீது மட்டும் பழி போடுவது விஞ்ஞானத்துக்கும் முரண், மார்க்கத்துக்கும் முரண்.

பிறக்கும்போது ஆரோக்கியம், பிறகு ஏன்?

குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். கருவிலிருக்கும் காலத்தில் வேறொரு வகை ஈமோகுளோபின் வேலை செய்கிறது, அதற்குப் பீட்டா சங்கிலி தேவையில்லை. பிறந்த பிறகு அது படிப்படியாகக் குறைந்து, வளர்ந்தோரின் ஈமோகுளோபின் அதன் இடத்துக்கு வர வேண்டும். அது வராத பிள்ளை, ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் வெளிறிப்போகிறது, பால் குடிக்கச் சோர்கிறது, வயிறு வீங்குகிறது. நல்லாயிருந்த பிள்ளைக்குக் கண்ணூறு பட்டுவிட்டது என்று ஓதிப் பார்ப்பதிலேயே சில குடும்பங்கள் மாதங்களைக் கழித்துவிடுகின்றன. ஓதிப் பார்ப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் அதே நாளில் வைத்தியரிடமும் காட்ட வேண்டும்.

சிகிச்சை என்றால் குருதி ஏற்றுவது. ஏற்றும் ஒவ்வொரு பை குருதியோடும் இரும்புச் சத்தும் உடலுக்குள் போகிறது. அதை வெளியேற்ற உடலுக்குத் தானாக வழி தெரியாது. அது இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் படிகிறது, பிள்ளையின் வளர்ச்சியும் பருவமடைதலும் தாமதமாகின்றன. அந்த இரும்பை அகற்ற வேறு மருந்து தேவை. வயிற்றுத் தோலின் கீழ் ஊசியைச் செருகி, சிறிய பம்ப் ஒன்றின் மூலம் இரவில் எட்டு மணித்தியாலத்துக்கும் மேலாக மருந்து செலுத்தும் முறை நீண்டகாலம் இருந்தது. இப்போது வாயால் எடுக்கும் மருந்தும் உண்டு. எலும்பு மச்சை மாற்று சிகிச்சை சிலரைக் குணப்படுத்துகிறது. 2023இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் அங்கீகரிக்கத் தொடங்கிய பரம்பரையலகுத் திருத்தச் சிகிச்சை பெரும் நம்பிக்கை தருகிறது. ஆனால் அதன் விலை இருபது இலட்சம் டொலருக்கு மேல். அது ஹாலிஎலக்கு வந்து சேர நீண்ட காலம் ஆகும்.

ஊவாவில் ஏன்?

தலசீமியா மலேரியாவோடு தொடர்புடையது. காவிகளுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. அதனால் மலேரியா ஆட்சி செய்த நாடுகளில் இந்தப் பிழையைச் சுமந்தவர்கள் அதிகமாகத் தப்பிப் பிழைத்தார்கள், அவர்களின் சந்ததியும் பெருகியது. இலங்கையில் 1934, 1935 காலத்து மலேரியாப் பெருநோய் சுமார் 80,000 பேரைக் கொன்றது. மஹியங்கனை, மொனராகலை, வெல்லவாய போன்ற ஊவாவின் தாழ்நிலங்களும் மலேரியாவை நன்கறிந்தவை. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போய்விட்டது, அது விட்டுச்சென்ற பரம்பரையலகு எமது குருதியில் இருக்கிறது.

இலங்கையில் நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு, மூன்று பேர் பீட்டா தலசீமியாக் காவிகள். இது ஓர் இனத்தின் நோயல்ல. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் அனைவரிடமும் காணப்படுகின்றது. குருநாகலில் தேசிய தலசீமியா நிலையமும், பதுளையிலும் அனுராதபுரத்திலும் தனிப் பிரிவுகளும் இயங்குவது இந்தத் தேவையால்தான்.

மாமா மகளும் மாமி மகனும்

சொந்தத்துக்குள் கலியாணம் செய்வது எமது ஊர்களில் சாதாரணம். மச்சான் முறை, மச்சி முறை திருமணத்தை இஸ்லாம் ஆகுமாக்கியுள்ளது, நபியவர்களும் தமது மாமி மகளான ஸைனப் (ரழி) அவர்களைத் திருமணம் செய்துள்ளார்கள். ஆகுமான ஒன்றை ஹராம் போலப் பேச எமக்கு உரிமையில்லை. அதேவேளை, ஆகுமானது என்பதால் பரிசோதிக்காமல் செய்ய வேண்டும் என்றும் இல்லை.

கணக்கு எளிமையானது. நீங்கள் ஒரு காவி என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு வெளியே நீங்கள் மணமுடிக்கும் ஒருவர் காவியாக இருக்க ஏறக்குறைய நாற்பதில் ஒரு வாய்ப்பே உண்டு. உங்கள் சொந்த மாமாவின் அல்லது மாமியின் பிள்ளை என்றால் அது எட்டில் ஒன்றாக உயர்கிறது. ஒரே மூத்தவாப்பா, மூத்தம்மாவிடமிருந்து அதே பிழை இருவருக்கும் வந்திருக்கக்கூடும் என்பதே காரணம். மாமா மகளா, சாச்சாவின் மகளா என்பதில் குருதிக்கு வேறுபாடில்லை. இருவரில் ஒருவர் காவியில்லை என்று தெரிந்துவிட்டால், இந்த நோயைப் பொறுத்தவரை அந்தச் சொந்தக் கலியாணத்தில் பயப்பட ஒன்றுமில்லை.

பெண்ணை அல்ல, ஆணை முதலில்

இதற்கான பரிசோதனை ஒரு சிறிய குருதி மாதிரிதான். முதலில் முழுமையான குருதிக் கல எண்ணிக்கை பார்க்கப்படும். செங்குருதிக் கலங்கள் வழமையைவிடச் சிறிதாக இருந்தால் ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். காவிகளின் குருதி இரும்புச் சத்துக் குறைபாடு போலவே தோன்றுவதால், சிலர் வருடக்கணக்காக இரும்பு மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். மாத்திரை எடுத்தும் ஈமோகுளோபின் ஏறவில்லை என்றால் இந்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

பலர் பின்வாங்குவதற்கு ஒரு நியாயமான பயம் இருக்கிறது: "பெண் பிள்ளைக்குக் காவி என்று ஊருக்குள் கதை பரவினால் யார் பேசி வருவார்கள்?" இந்தப் பயத்துக்கு விஞ்ஞானமே ஓர் இலகுவான வழியைத் தந்திருக்கிறது. பீட்டா தலசீமியா மேஜர் வர இருவரும் காவியாக இருக்க வேண்டும். எனவே மாப்பிள்ளையை முதலில் பரிசோதித்து, அவர் தலசீமியாவோ அதோடு சேர்ந்து நோய் தரும் வேறு ஈமோகுளோபின் குறைபாடோ காவவில்லை என்று உறுதியானால், பெண்ணைப் பரிசோதிக்க வேண்டிய அவசியமே வராது. நூறு மாப்பிள்ளைமாரில் பெரும்பாலானோர் விடயத்தில் அத்தோடு கதை முடிந்துவிடும். மாப்பிள்ளை காவியாக இருந்தால் மாத்திரம் பெண்ணுக்கும் பரிசோதனை தேவை.

இதைப் பேச்சு முற்றான பிறகு, மண்டபமும் பதிந்து அழைப்பிதழும் அடித்த பிறகு செய்வதில் பயனில்லை. அப்போது எந்தக் குடும்பமும் பின்வாங்காது. ஆண் பிள்ளைகள் ஏ.எல். முடித்து வெளியே வரும் வயதிலேயே ஒரு தடவை செய்துகொள்ளலாம். அந்த விடை ஆயுளுக்கும் மாறாது.

முஸ்லிம் நாடுகள் இதை எப்போதோ தொடங்கிவிட்டன. ஈரான் 1997இல் திருமணத்துக்கு முந்திய தலசீமியாப் பரிசோதனையை நாடு முழுவதும் கொண்டுவந்தது. அங்கும் முதலில் ஆணுக்கே பரிசோதனை. சவூதி அரேபியா 2004இலிருந்து இதைக் கட்டாயமாக்கியது. அங்கு பெறுபேறு எதுவானாலும் முடிவெடுக்கும் உரிமை மணமக்களுக்கே விடப்பட்டுள்ளது. எமது நாட்டில் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றிக் கருக்கலைப்புச் சட்டவிரோதம். ஆகவே கலியாணத்துக்கு முன்பு அறிந்துகொள்வதே எமக்குத் திறந்திருக்கும் அகலமான வாசல்.

இதற்குச் சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நிகாஹ் எழுதும் பதிவாளரும், பள்ளிவாசல் நிர்வாகமும், "மாப்பிள்ளையின் தலசீமியாப் பரிசோதனை முடிந்துவிட்டதா?" என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும். பெறுபேற்றை அவர்கள் பார்க்கவும் வேண்டாம், பதியவும் வேண்டாம். அது இரு குடும்பங்களுக்கிடையிலான அமானிதம். மே 8 சர்வதேச தலசீமியா தினம். அதையொட்டி வரும் ஜும்ஆ குத்பா ஒன்றை இதற்கு ஒதுக்கலாம்.

இரு காவிகள் ஏற்கெனவே மணமுடித்திருந்தால் அதற்காகத் தலாக் பேசுவது தீர்வல்ல. அடுத்த பிள்ளைக்கு முன்பு வைத்தியரின் ஆலோசனை பெறுங்கள். இருக்கும் பிள்ளைக்குச் சிகிச்சை தவறாமல் கிடைக்கட்டும். ஊரார் செய்யக்கூடிய உதவியும் உண்டு. இரத்த தான முகாம் நடக்கும் நாளில் கையை நீட்டுவது அது.

"எல்லாம் தக்தீர்" என்று சொல்லி இதைத் தள்ளிவிடுவோரும் உள்ளனர். தக்தீரை நம்புகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்றுத்தந்த நபியின் உம்மத்தும் நாம்தான். ஒரு இளைஞனின் ஒரு துளிக் குருதி, இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையைப் பல நூறு ஊசிகளிலிருந்து காப்பாற்றலாம். அதன் உம்மாவையும் அந்தக் கேள்வியிலிருந்து காப்பாற்றலாம்.