போகிறவரை எப்படி அனுப்புவது?

2019 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் தேநீரும் ரோல்சுமாக நின்றார்கள். வாலிபர் மேசையில் மட்டும் சத்தம் அடங்கவில்லை. முதல் நாள் விடியுமுன் வந்த செய்திதான் காரணம்: கவாய் லெனார்ட் ரொறன்ரோ ராப்டர்ஸை விட்டு லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குப் போகிறார்.

"கப் எடுத்து மூன்று கிழமைதான் ஆகுது. அதுக்குள்ள போறதெண்டால், நன்றி இல்லாத வேலைதானே அண்ணா?" என்றான் எங்களில் இளையவன்.

"அவர் தன்ர வீட்டுக்குப் போறார், தம்பி. நீ படிப்பு முடிஞ்சு வீட்டை வந்தால் உன்னை நன்றி கெட்டவன் எண்டு சொல்லலாமோ?"

"வீட்டுக்குப் போகட்டும். ஆனா ஒரு வருஷமாவது நிண்டிட்டுப் போயிருக்கலாம்."

தேநீர் ஆறியது. எங்கள் விவாதம் ஆறவில்லை.

எங்கள் கோபத்துக்கும் காரணம் இருந்தது. மே 12ஆம் தேதி பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கணத்தில் அவர் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்ததை நாங்கள் மூச்சை அடக்கிப் பார்த்தோம். ஜூன் 13ஆம் தேதி கோல்டன் ஸ்டேட் அணியை வென்று கிண்ணம் கைக்கு வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஓர் அணி என்.பி.ஏ. பட்டம் வென்றது அதுவே முதல் தடவை. இறுதித் தொடரின் சிறந்த வீரர் கவாய். அதன் பிறகு நகரமே அவரைக் கெஞ்சியது. இங்கேயே இருந்தால் சாப்பாடு இலவசம் என்று உணவகங்கள் அறிவித்தன. ஜூலை 3ஆம் தேதி அவர் வந்ததாகச் சொல்லப்பட்ட வாகனத்தைத் தொலைக்காட்சி ஹெலிகொப்டர் வானிலிருந்து பின்தொடர்ந்தது. நாங்களும் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆனால் கோபம் சற்றுத் தணிந்ததும் ஒரு அக்கா கேட்ட கேள்வி எங்களை நிறுத்தியது: "கவாய் முதலில் இங்க எப்பிடி வந்தவர்?"

அவர் ரொறன்ரோவைத் தேர்ந்தெடுத்து வரவில்லை. 2018 ஜூலையில் சான் அன்ரோனியோ கழகம் அவரை இங்கே மாற்றி அனுப்பியது. ஒப்பந்தம் இருக்கும்வரை ஆட்டக்காரரை எந்த ஊருக்கு அனுப்புவதென்று கழகமே தீர்மானிக்கலாம். ஒப்பந்தம் முடியும்போதுதான், தனக்குப் பிடித்த அணியோடு பேசும் உரிமை ஆட்டக்காரருக்கு வருகிறது. அதைத்தான் ஃப்ரீ ஏஜென்சி என்கிறோம். கவாய் கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்தவர். ரொறன்ரோவால் அவருக்கு 5 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்திருக்க முடியும். வேறு அணிகளால் 4 ஆண்டு வரைதான். அவர் கிளிப்பர்ஸுடன் 3 ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டார். நீண்ட ஒப்பந்தத்தின் பாதுகாப்பை விட்டுவிட்டே வீட்டுக்குப் போனார்.

அந்த மாற்றத்தில் யாரைக் கொடுத்தோம் என்பதையும் அக்கா நினைவூட்டினார். டிமார் டிரோசன். 9 பருவங்கள் ரொறன்ரோவுக்காக ஆடியவர். அவரும் லொஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துப் பிள்ளைதான். 2016இல் எங்கும் போகும் உரிமை கையில் இருந்தபோதும் வேறு எந்த அணியையும் சந்திக்காமல் இங்கேயே மறுபடி கையெழுத்திட்டார். இரண்டு ஆண்டுகளில் கழகம் அவரை அனுப்பிவிட்டது. அன்று நாங்கள் கவலைப்பட்டோம். ஆனால் கிண்ணம் வந்ததும் "அது நல்ல முடிவு" என்று சொன்னவர்களும் நாங்கள்தான். விசுவாசமாக நின்றவரைக் கழகம் அனுப்பினால் அது கெட்டித்தனம். ஒரு ஆட்டக்காரர் தானாகப் போனால் அது துரோகம். இந்தத் தராசு நேரானதா?

இந்த நகரத்துக்கு இது புதிதுமல்ல. 2004 டிசம்பரில் வின்ஸ் கார்ட்டர் இங்கிருந்து போனார். அவர் போன விதம் பலரை நோகடித்தது. பிறகு அவர் வேறு சட்டையில் வந்து பந்தைத் தொட்ட போதெல்லாம் அரங்கம் கூச்சலிட்டது. 2014 நவம்பரில் அவருக்காக ஒரு காணொளி ஓடியபோதுதான் கூச்சல் கைதட்டலாக மாறியது. அவர் அழுதுவிட்டார். 10 ஆண்டுகள் எடுத்தது.

கவாய்க்கு அவ்வளவு காலம் எடுக்கவில்லை. 2019 டிசம்பர் 11ஆம் தேதி அவர் கிளிப்பர்ஸ் சட்டையோடு ரொறன்ரோ வந்தார். கைல் லவுரி பட்டம் வென்றதற்கான மோதிரத்தை அவரிடம் கொடுத்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அன்று இரவு கிளிப்பர்ஸ் எங்களை 112க்கு 92 என்று தோற்கடித்தது. ஆனாலும் அந்தக் கைதட்டலைப் பற்றி எங்களில் யாரும் வருத்தப்படவில்லை.

அந்த இரவு எங்களுக்கு வேறொன்றும் உறைத்தது. அதே கோடையில் எங்கள் குழுவில் கிற்றார் வாசித்த அண்ணா வேலை கிடைத்துக் கல்கரிக்குப் போயிருந்தார். "எங்களை விட்டிட்டுப் போறீங்களே" என்று பகிடியாகத்தான் சொன்னோம். ஆனால் அதன் பிறகு அவரோடு பேசுவது குறைந்தது. அவர் அனுப்பிய செய்திகளுக்கு ஒரு கட்டைவிரல் படம், அவ்வளவுதான். இத்தனை ஆண்டுகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து கதவு திறந்தவருக்கு நாங்கள் ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை. எங்களிடம் ஒருநாளும் பேசியிராத ஒரு ஆட்டக்காரருக்கு எழுந்து நின்று கைதட்டத் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரே போனைச் சுற்றி நின்று அவரை அழைத்தோம். அங்கே இரண்டு மணிநேரம் பிந்திய நேரம், விழித்துத்தான் இருந்தார்.

"என்னடாப்பா, இந்த நேரத்தில? மட்ச் தோத்திட்டுதோ?" என்றார்.

"ஓம் அண்ணா, தோத்திட்டம். அதுக்கில்லை, உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எடுத்தனாங்கள்" என்றோம்.

கொஞ்ச நேரம் மறுபக்கத்தில் சத்தமே இல்லை. பிறகு, "இப்ப கிற்றார் ஆர் வாசிக்கிறது?" என்று கேட்டார்.