வலியை எங்கிருந்து எண்ணுவது?



கிராமங்களில் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. "நேத்து காலையிலேயே வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு விரல்தான் திறந்திருக்கு, இன்னும் நேரமிருக்குன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. இன்னைக்குச் சாயந்திரம் ஆச்சு, இன்னும் பொறக்கல. பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமா?" இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் பெண்ணைப் பெற்ற அம்மாவாகவோ மாமியாராகவோ இருப்பார். பயம் நியாயமானதுதான். ஆனால் மணிக்கணக்கை எங்கிருந்து எண்ணுவது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் நமக்குத் தேவையான பயம். அதையும் சொல்கிறோம்.

நிறைமாதம் ஆகும்வரை கர்ப்பப்பையின் வாய் நீளமாக, மூடி, கெட்டியாக இருக்கும். மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அந்தக் கெட்டி. பிறகு உதட்டைப் போல மெத்தென்று ஆகி, குட்டையாகி, அதற்கப்புறம்தான் நன்றாகத் திறக்க ஆரம்பிக்கும். 10 செ.மீ. முழுசாகத் திறந்த பிறகே பிள்ளையின் தலை கீழே இறங்கி வெளியே வர முடியும். இதில் முதல் 5 செ.மீ. வரை ஆகும் நேரம் ஆரம்ப வலிக் காலம். அதற்கு மேல் தீவிர வலிக் காலம்.

ஆரம்ப வலியில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். வலி வரும், போகும், சில நேரம் இரவில் நின்றுபோய்க் காலையில் திரும்ப வரும். இட்லிக்கு மாவு கரைத்து வைத்தால் ராத்திரி முழுக்கச் சும்மா இருப்பது போலத்தானே தெரிகிறது? உள்ளே வேலை நடக்கிறது. இதுவும் அப்படித்தான்.

சரி, எத்தனை மணி நேரம்? 1955-ல் நியூயார்க்கில் ஃப்ரீட்மேன் என்ற டாக்டர் தலைச்சன் பிரசவத்துக்கு வந்த 500 பெண்களின் வலியை நேரம் குறித்து வைத்து ஒரு கணக்குப் போட்டார். ஆரம்ப வலி சராசரியாக எட்டரை மணி நேரம் இருந்தது. தலைச்சன் பிள்ளைக்கு 20 மணி, அடுத்த பிள்ளைகளுக்கு 14 மணி தாண்டினால் அதை 'நீண்ட வலி' என்று டாக்டர்கள் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 2018-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் வேறு மாதிரி சொல்கிறது. ஆரம்ப வலிக்கு இத்தனை மணி என்று கெடு வைக்க முடியாது, பெண்ணுக்குப் பெண் ரொம்பவே மாறும் என்கிறது. கணக்கு வைக்க வேண்டியது 5 செ.மீ.-க்கு மேல்தான். தலைச்சனுக்கு அது பொதுவாக 12 மணியையும், அடுத்தடுத்த பிரசவத்துக்கு 10 மணியையும் தாண்டாது. மணிக்கு 1 செ.மீ. திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய விதியும் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

ஆகவே "ரெண்டு நாளா வலி" என்று நாம் சொல்வதும், டாக்டர் எண்ணுவதும் ஒன்றல்ல. இந்தக் குழப்பத்தில்தான் சண்டை வருகிறது. உறவுக்காரர்கள் கூடி நின்று "வலி தாங்கமாட்டேங்குது, ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க" என்று கேட்பதை நாங்களே பல தடவை பார்த்திருக்கிறோம். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் பார்த்தால் 64. உயிரைக் காக்கும் ஆபரேஷன் உண்டு, அதற்குத் தயங்கவே கூடாது. ஆனால் ஆரம்ப வலி நீளுகிறது என்ற ஒரே காரணத்துக்காக, தாயும் சேயும் நன்றாக இருக்கும்போது, நாமாகப் போய்க் கேட்கத் தேவையில்லை.

அதற்காக நீண்ட வலி ஒன்றும் செய்யாது என்றும் சொல்லிவிட முடியாது. தூக்கமில்லை, பயத்தில் சாப்பாடும் இறங்கவில்லை, உடம்பில் நீர் வற்றிப் போகிறது. கடைசியில் முக்க வேண்டிய நேரத்தில் பெண்ணிடம் தெம்பு இருக்காது. இப்படி நீண்டவர்களுக்கு வலி கூட்டும் டிரிப்பும் ஆபரேஷனும் அதிகம் தேவைப்படுகிறது. பனிக்குடம் உடைந்து நேரமாகிவிட்டால் கிருமி தொற்றும் ஆபத்தும் சேரும்.

ஆகவே ஆரம்ப வலியில் பெண்ணின் தெம்பைக் காப்பாற்றுவதுதான் வீட்டாரின் வேலை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை கஞ்சி, இட்லி, மோர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். இரண்டு மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வேண்டும். முடிந்தால் நடக்கட்டும், அசதியாக இருந்தால் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கட்டும். "முக்கு, முக்கு" என்று இப்போதே சொல்லாதீர்கள். வாய் திறக்காமல் முக்கினால் அது வீங்கிப்போகும், தெம்பும் வீணாகும்.

நம் பாட்டிமார் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்கள். சூட்டு வலி என்றால் அடங்கும், பிள்ளை வலி என்றால் கூடும் என்பார்கள். குடிப்பதில் தவறில்லை, ஆனால் அதை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. விளக்கெண்ணெய் வேண்டாம், பேதியாகி இருக்கிற தெம்பும் போகும். வீட்டில் வைத்து யாராவது "வலி வர ஊசி போடுறேன்" என்றால் அனுமதிக்கவே கூடாது. கண்காணிப்பில்லாமல் போடும் அந்த ஊசியால் கர்ப்பப்பையே கிழிந்துபோகலாம், பிள்ளைக்கு மூச்சுத் திணறலாம்.

இனி அந்த மீதிப் பயம். பனிக்குடம் உடைந்தால், தண்ணீர் பச்சையாக வந்தால், ரத்தம் போனால், பிள்ளையின் அசைவு குறைந்தால், காய்ச்சல், கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு வந்தால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கிளம்ப வேண்டும். 37 வாரம் முடியுமுன் வலி வந்தாலும் அப்படியே. முன்பு ஆபரேஷன் ஆனவர்கள், இரட்டைப் பிள்ளை, பிள்ளை குறுக்காகவோ கால் கீழாகவோ இருப்பவர்கள், பி.பி. உள்ளவர்கள், ரத்தம் குறைவாக உள்ளவர்கள் முதல் வலியிலேயே போய்விட வேண்டும். இவர்களுக்கு ஆரம்ப வலி என்று வீட்டில் காத்திருக்கும் பேச்சே இல்லை.

மற்றவர்களும் வலி சீராக, நெருங்கி நெருங்கி வந்தால் புறப்படலாம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வலி வரும்வரை பொறுங்கள் என்பதெல்லாம் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்குச் சரி. பஸ் வராத ஊரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது உதவாது. இரண்டாவது, மூன்றாவது பிரசவம் என்றால் இன்னும் சீக்கிரம் கிளம்புங்கள். வாய் திறக்க ஆரம்பித்துவிட்டால் மளமளவென்று நடந்துவிடும். மலைப்பகுதியில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் முன்கூட்டியே வந்து தங்கக் காத்திருப்பு அறை உண்டு, நர்ஸிடம் கேளுங்கள்.

போய்ப் பார்த்து "இன்னும் நேரமிருக்கு" என்று திருப்பி அனுப்பினால் அது அவமானம் இல்லை. அக்கம்பக்கத்தில் சிரிப்பார்களே என்று அடுத்த தடவை தாமதிப்பதுதான் ஆபத்து. திரும்பும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள்: எத்தனை செ.மீ. திறந்திருக்கிறது, பிள்ளையின் இதயத் துடிப்பு எப்படி, மறுபடி எப்போது வரவேண்டும். பதிலை அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். வீடு தூரம் என்றால் அங்கேயே தங்க இடம் கேட்கலாம்.

கூட ஒரு பெண் இருந்தால் வலி நேரம் குறைகிறது, ஆபரேஷனும் குறைகிறது என்பது ஆராய்ச்சிகளில் தெரிந்த விஷயம். அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அம்மாவோ மாமியாரோ வரமுடியாத வீட்டுக்கு நம் குழுவிலிருந்தே பிள்ளை பெற்ற, பதறாத ஒரு அக்கா போகலாம். பதறுகிறவரை மட்டும் அனுப்பாதீர்கள்!

இந்த மாதக் கூட்டத்தில் உங்கள் குழுவில் யார் யாருக்கு எட்டாம் மாதம் நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொருவருக்கும் துணைக்குப் போவது யார், 108 வரத் தாமதமானால் ராத்திரியில் எந்த ஆட்டோ, மற்ற பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, சங்கத்தின் அவசரக் கடன் பணம் அன்றைக்கு யார் கையில் இருக்கும் என்று பேசித் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். கிராம சுகாதார செவிலியரின் போன் நம்பரை வீட்டுச் சுவரிலும் எழுதிவிடுங்கள். வலி வரும் நேரத்தில் அட்டையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.