குருதித்துளி காட்டும் முகம்

ஹபரணையிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் பெருவீதியில், குளத்தினால் பெயர் பெற்ற ஊர் கந்தளாய். அக்குளத்தைத் தமிழர் குளக்கோட்டனின் கதையோடு சேர்த்து நினைப்பர்; சிங்களவர் மகாசேனன், இரண்டாம் அக்கிரபோதி ஆகிய மன்னர்களின் பெயரோடு சேர்த்து நினைப்பர். இடைக்காலத்தில் அங்கே அந்தணர் குடியிருப்பொன்று இருந்தமைக்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. இன்று சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் நடமாடும் ஊர் அது. காலைவேளையில் அவ்வூர் பஸ் நிலையத்தில் நிற்போரின் முகங்களை அயலூரார் ஒருவர் நோக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆடையையும் நெற்றியையும் பாராமல், அவர்கள் பேசுவதையும் கேளாமல், இவர் இன்னார் என்று அவரால் பிரித்துச் சொல்லிவிட முடியுமா? முடியாது என்பதை அம்மாவட்டத்தில் வாழ்வோர் நன்கு அறிவர்.

இந்தச் சிறிய கேள்வி இப்போது குற்றவியல் விஞ்ஞானத்தின் பெரிய கேள்வியாக வளர்ந்துவிட்டது. குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் ஒரு துளிக் குருதியிலிருந்தோ, ஒரு மயிரின் வேரிலிருந்தோ குற்றவாளியின் முகத்தை வரைந்து காட்டலாம் என்று சிலர் கூறத் தொடங்கியிருக்கின்றனர்.

குருதியினால் ஆளை அறியும் முறை ஒன்று முன்னரே உண்டு. உடலின் கலங்களினுள்ளே, கருவிலே, டி. என். ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளைக் கொண்ட ஓலைச்சுவடிக்கு அதனை ஒப்பிடலாம். 1984-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அலெக் ஜெப்ரீஸ் என்னும் விஞ்ஞானி, இச்சுவடியில் ஆளுக்கு ஆள் வேறுபடும் இடங்களைக் கொண்டு ஒருவரை இன்னார் என அறியும் வழியைக் கண்டார். இன்றைய ஆய்வுகூடங்கள் சுமார் 20 இடங்களை மட்டுமே எடுத்து ஒப்பிடுகின்றன. அவ்விடங்கள் அந்த மனிதன் கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா என்று எதையும் சொல்வதில்லை. கைரேகையைப் போல, “இதுவும் அதுவும் ஒன்றே” என்றோ “வேறு” என்றோ மட்டுமே சொல்கின்றன. ஆகவே ஒப்பிடுவதற்கு ஒரு சந்தேக நபர் கையில் இருக்கவேண்டும். எவரும் அகப்படாதபோது அம்முறை வாய்மூடி நின்றுவிடும்.

அந்த மௌனத்தை உடைப்பதற்கே புதிய முறை வந்தது. நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் மன்பிரெட் கைசர் என்பாரும் அவருடன் உழைத்தோரும் கண்ணின் நிறம், மயிரின் நிறம், தோலின் நிறம் ஆகியவற்றோடு தொடர்புடைய பரம்பரையலகுகளைத் தேடினர். 2018-ஆம் ஆண்டளவில், 41 இடங்களைப் படித்து இம்மூன்று நிறங்களையும் கணிக்கும் கருவியொன்று உருவாயிற்று. நீலக்கண்ணையும் கபிலக்கண்ணையும் பிரிப்பதில் அது வல்லது. இடைப்பட்ட நிறங்களில் தடுமாறும்.

நிறம் வேறு, முகம் வேறு. மூக்கின் உயரம், தாடையின் அகலம், கண்களின் இடைவெளி ஆகியவற்றை நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் சேர்ந்தே ஆக்குகின்றன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ஒரே கருவில் தோன்றிய இரட்டையர் அச்சில் வார்த்தாற்போல இருப்பதால் முகம் பரம்பரையாக வருவது மெய்யே. ஆனால் சுவடியில் அது எழுதப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. அதனைப் படிக்கத் தெரியும் என்பது மற்றொன்று. மேலும், வயலில் வெயில் காய்ந்த தோலையும், முதுமையின் சுருக்கத்தையும், தழும்பையும், தாடியையும், பட்டினியில் ஒட்டிய கன்னத்தையும் டி. என். ஏ. அறியாது. முகங்களை வரைந்து விற்கும் அமெரிக்க நிறுவனமொன்று, வயது தெரியாதவிடத்து எல்லோரையும் 25 வயதினராகவே வரைகிறது. அறுபது வயதுக் குற்றவாளிக்கும் இளைஞனின் முகமே கிடைக்கும்!

அப்படியாயின் இம்முறை முற்றிலும் பயனற்றதா? அவ்வாறு சொல்வது நேர்மையாகாது. 1999-ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் பிரீஸ்லாந்து மாகாணத்தில் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி கொல்லப்பட்டாள். அயலிலே அகதிகள் தங்கும் நிலையம் ஒன்று இருந்தது. கொலையின் தன்மையைக் கண்டு, “இது நம்மவர் செயலன்று, அந்நியர் செயலே” என்று ஊர் முழுதும் அகதிகள் மீது பாய்ந்தது. பின்னர் டி. என். ஏ. ஆய்வு, கொலைஞன் வடமேற்கு ஐரோப்பிய வம்சத்தைச் சேர்ந்தவனாக இருக்கலாம் என்று சுட்டியது. 2012-ஆம் ஆண்டில், அப்பகுதி ஆண்கள் பலர் தாமாக மாதிரி கொடுத்தபோது, அவர்களுள் ஒருவனாகக் கொலைஞன் அகப்பட்டான். அவன் சில கிலோமீற்றர் தொலைவில் வாழ்ந்த உள்ளூர் விவசாயி. வம்சம் பற்றிய கணிப்பு அங்கே ஒரு சிறுபான்மையினரை ஊராரின் சினத்திலிருந்து காத்தது. நெதர்லாந்து 2003-ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் செய்ததற்கும் இவ்வழக்கு ஒரு தூண்டுதல்.

மறுபக்கம் கனடாவில் தெரிந்தது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் எட்மன்டன் நகரப் பொலிசார், பழைய வன்தாக்குதல் வழக்கொன்றில், டி. என். ஏ.யைக் கொண்டு வரைந்த கறுப்பின இளைஞன் ஒருவனின் முகத்தை வெளியிட்டனர். அம்முகம் ஒருவருடையதன்று, பலருக்கும் பொருந்துவது. நகரிலுள்ள கறுப்பின ஆடவர் அனைவரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும் படம் என்ற கண்டனம் எழவே, இரண்டு நாள்களுக்குள் அது மீளப்பெறப்பட்டது. பொலிஸ் அதிகாரி ஒருவர் மன்னிப்பும் கோரினார். கலிபோர்னியாவில் நடந்தது இன்னும் விபரீதம். 2017-ஆம் ஆண்டில் இவ்வாறு வரையப்பட்ட முகமொன்றை, முகங்களை ஒப்பிடும் இயந்திரத்துக்குள் செலுத்தித் தேடித் தருமாறு துப்பறிவாளர் ஒருவர் 2020-ஆம் ஆண்டில் கேட்டிருந்தார். ஊகத்தை ஊகத்தினால் பெருக்கும் கணக்கு அது.

இனிக் கந்தளாய்க்குத் திரும்புவோம். அங்கே இம்முறை கையாளப்பட்டால் விளைவு என்ன? கருவி முதலிற் கூறும்: கண் கபிலம், மயிர் கறுப்பு, தோல் மாநிறம் அல்லது கருமை. பஸ் நிலையத்தில் நிற்போருள் இவ்விவரத்துக்கு அடங்காதவர் எவர்? ஐரோப்பாவில் நீலக்கண்ணன் என்ற ஒரு சொல்லே பாதி ஊரை ஒதுக்கிவிடும். இங்கே எவரையும் ஒதுக்காது. துப்பாகப் பயன்படும் ஒரே விடையாக எஞ்சுவது வம்சம். சிங்களவனா, தமிழனா, முஸ்லிமா என்னும் விடை. இதில் விந்தை யாதெனின், 2019-ஆம் ஆண்டில் நிறங்களையும் வயதையும் கணிக்க அனுமதித்த ஜெர்மானியச் சட்டம், வம்சத்தைக் கணிப்பதை மட்டும் அனுமதிக்கவில்லை. அங்கே அனுமதிக்கப்பட்டது இங்கே பயன்படாது. அங்கே விலக்கப்பட்டதைத்தான் இங்கே கேட்பார்கள்.

அக்கேள்விக்குத்தானும் குருதி தெளிவாக விடை சொல்லுமா? கொழும்புப் பல்கலைக்கழகத்தாரும் காசி இந்துப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் சேர்ந்து 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, சிங்களவருக்கும் இலங்கைத் தமிழருக்கும் இடையே மிக நெருங்கிய பரம்பரைத் தொடர்பைக் கண்டது. மொழியினால் இரண்டாக நிற்போர் குருதியினால் பெரிதும் கலந்தவர்கள். ஆகவே “தமிழனாயிருத்தல் கூடும்” என்று ஒரு கணிப்பு வந்தால், அது அறுதியிட்ட முடிபன்று. நூற்றுக்கு இத்தனை என்னும் நிகழ்தகவு. ஆனால் ஆய்வுகூடத்தில் நிகழ்தகவாகப் புறப்படுவது பொலிஸ் நிலையத்தை அடையும்போது சந்தேகமாகும். சோதனைச்சாவடியை அடையும்போது ஒரு இனத்தின் மேல் விழும் பழியாகும். பல்லாண்டுக் காலம் அடையாள அட்டையை நீட்டிப் பழகிய மாவட்டத்துக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

முகப்படம் தவறாகப் போனால் நேர்வது யாதென்பதை இலங்கை 2019-ஆம் ஆண்டிலே கண்டது. ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின், ஏப்ரல் 25-ஆம் தேதி பொலிசார் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களுள் ஒன்று, அமெரிக்காவில் கல்வி கற்றுக்கொண்டிருந்த, இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த மாணவி ஒருத்தியுடையது. பொலிசார் தவற்றை ஒப்புக்கொண்டனர். அதற்கிடையில் அப்பெண்ணுக்குக் கொலைமிரட்டல்கள் வந்துவிட்டன. அது உண்மையான ஒருத்தியின் புகைப்படம். ஆகையால் “இது நானன்று” என்று மறுப்பதற்கு ஒருத்தி இருந்தாள். டி. என். ஏ.யிலிருந்து வரைந்த முகத்தை மறுத்துப் பேச எவர் வருவார்?

2015-ஆம் ஆண்டில் கொட்டதெனியாவையில் நடந்த சிறுமி கொலை வழக்கும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. முதலில் ஒரு பாடசாலை மாணவனும் குடும்பஸ்தர் ஒருவரும் கைதாயினர். டி. என். ஏ. ஒப்பீடு இருவரையும் விடுவித்தது. அடுத்து மற்றொருவன் பிடிபட்டான். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்றும் செய்தி பரவிற்று. அவனுடைய மாதிரியும் பொருந்தவில்லை. பொருந்தியது அவனுடைய சகோதரனின் மாதிரி. 2016-ஆம் ஆண்டில் நீதிமன்றம் தண்டித்ததும் அச்சகோதரனையே. அன்று கையாளப்பட்டது பழைய, வாய்பேசாத ஒப்பீட்டு முறை. முகம் வரையும் முறையைக் கையாண்டிருந்தால், உடன்பிறந்தார் இருவருக்கும் அநேகமாக ஒரே முகந்தான் கிடைத்திருக்கும்.

இலங்கையில் 2022-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பரம்பரைத் தரவுகளை விசேட பாதுகாப்புக்குரியவற்றுள் சேர்த்திருக்கிறது. ஆயினும் பொலிஸ் விசாரணையில் முகத்தையோ வம்சத்தையோ கணிப்பதை நெதர்லாந்தும் ஜெர்மனியும் வரையறுத்ததுபோல் வரையறுப்பது வேறொரு வேலை. எந்தக் குற்றத்துக்கு, யாருடைய கட்டளையின் பேரில் அக்கணிப்பைச் செய்யலாம்? அதன் பிழைவீதம் நீதவானின் முன் வைக்கப்படுமா? வரைந்த முகம் விசாரணை அதிகாரியின் கோவையோடு நிற்குமா, சுவரொட்டியாகப் பஸ் நிலையத்துக்கு வருமா? குற்றவாளி கிடைத்தபின் அப்படம் அழிக்கப்படுமா? படம் ஒட்டப்பட்ட பின்னரன்றி, அதற்கு முன்னரே கேட்கப்படவேண்டிய கேள்விகள் இவை.