கன்றுகளின் மூட்டு வீக்கமும் கடும்புப் பாலும்

பெரும்போக விதைப்பு முடிந்ததும் கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறைப் பகுதிகளில் மாடுகளும் எருமைகளும் வயலை விட்டுப் பட்டிகளுக்கு ஓட்டப்படுகின்றன. அடுத்து வருவது வடகீழ்ப் பருவமழை. பட்டி சேறாகின்றது, அச்சேற்றிலேயே கன்றுகளும் பிறக்கின்றன. ஒன்றிரண்டு வாரங்களில் ஒரு கன்று காலை ஊன்றாது நொண்டும்; முழங்கால் வீங்கிச் சுடும். “தாய் மிதித்துவிட்டது” என்பர் பட்டிக்காரர். சிலவேளை அது உண்மையே. பலவேளை குற்றம் தாயினதன்று, தொப்புளினது.

பிறந்த கன்றின் ஈரத் தொப்புட்கொடி கிருமிகளுக்குத் திறந்த வாயிலாகும். சேற்றிலும் சாணத்திலும் உள்ள பற்றீரியாக்கள் அதன் வழியே இரத்தத்திற் புகுந்து மூட்டுகளிற் சென்று தங்குகின்றன. அவற்றை அழிக்க வெண்குருதிக் கலங்கள் மூட்டினுள் திரளுகின்றன. மூட்டுநீர் பெருகிக் கலங்குகின்றது. இங்கேதான் வினை. கிருமியைக் கரைக்க இக்கலங்கள் வெளிவிடும் நொதியங்கள், எலும்பு முனையை மூடியுள்ள வழுவழுப்பான குருத்தெலும்பையும் அரிக்கின்றன. காவற்காரன் கள்வனைத் துரத்துகையிற் பயிரை மிதிப்பது போன்றதே இது. அரிபட்ட குருத்தெலும்பு மீண்டும் முன்போல் வளர்வதில்லை.

கிருமி இல்லாமலும் மூட்டு அழலும். வயற்காவல் நாயின் பின்னங்கால் முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்தால், காயத்தின் சிதைவுகளை நாடி வெண்குருதிக் கலங்கள் வந்து அம்மூட்டை வீங்கச் செய்கின்றன. பல நாய்களில் நார் முற்றாக அறுமுன்னரே மூட்டின் உள்ளுறையில் அழற்சி இருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆகவே வீக்கத்தை மட்டும் கண்டு காரணத்தைத் துணிதல் இயலாது. கன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகள் வீங்கினும், தொப்புள் தடித்து நொந்தாலும், காய்ச்சலிருந்து பால் குடிக்க மறுத்தாலும் கிருமியையே முதலில் ஐயுறுக.

மனிதக் குழந்தை கருவிலேயே தாயிடமிருந்து நோயைத் தடுக்கும் பிறபொருளெதிரிகளைப் பெறுகின்றது. கன்றுக்கு அப்பேறில்லை, கடும்புப் பாலே அதற்கு அவற்றை அளிக்கின்றது. அவற்றைக் குடல் முழுமையாக உறிஞ்சுவது பிறந்த முதல் 6 மணித்தியாலங்களிலேயே. 24 மணித்தியாலத்தில் அவ்வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். 20 கிலோ எடையுள்ள கன்று முதல் நாளில் 2 லீற்றர் வரை குடித்தல் நன்று. கடும்பு காய்ச்சி உண்ணும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதன் சுவையை நானும் அறிவேன். கன்று வயிறாரக் குடித்த பின் எஞ்சியதையே அடுப்பேற்றுக.

கன்று விழுந்தவுடன் தொப்புட்கொடியை 7 வீத அயடீன் கரைசலில் தோய்க்க வேண்டும். மேலாகத் தடவுதல் போதாது. சிறு கிண்ணத்திற் கரைசலை எடுத்துக் கொடி முழுவதும் நனையும்படி பிடிக்க வேண்டும். 12 மணித்தியாலத்தின் பின் மறுமுறையும் செய்க. பட்டியின் ஒரு மூலையை மண்ணிட்டு உயர்த்தி வைக்கோல் பரப்பினால் ஈனுவதற்கு அவ்விடமே போதுமானது.

நான் கண்ட ஒரு கன்றின் வீங்கிய மூட்டுக்குச் சூடு போட்டிருந்தனர். தோல் வெந்தது, உள்ளிருந்த சீழ் அங்கேயே இருந்தது. மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றபோது பத்து நாள் கடந்துவிட்டது. கன்று பிழைத்தது, ஆனால் முழங்கால் மடங்கவில்லை. வீக்கத்தைக் கத்தியாற் கீறுதலும், மனிதருக்கான நோமாத்திரை கொடுத்தலும், வீட்டில் எஞ்சிய கிருமிகொல்லி மருந்தை ஊட்டுதலும் இவ்வாறே கேடானவை. வைத்தியர் மூட்டுநீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பார்; தேவையாயின் மூட்டைக் கழுவி, ஏற்ற மருந்தை உரிய நாள்வரை கொடுப்பார். நொண்டல் கண்ட அன்றே அவரிடம் செல்வதாயின் மூட்டைக் காக்க வாய்ப்புண்டு. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றும்போது வைக்கோலை நிறைய இட்டு, நோயுள்ள கால் மேலிருக்கக் கன்றைக் கிடத்துக.